@ குறிக்கு முன்னும் பின்னும்: மின்னஞ்சல் முகவரி பிறந்த கதை

கேள்வி இது: "மின்னஞ்சலைக் கண்டுபிடித்தது யார்? ஒரு தமிழர் என்கிறார்கள் சிலர், டாம்லின்சன் என்கிறார்கள் வேறு சிலர். @ குறி எப்படி வந்தது? அதற்கு முன்பு கணினிகளுக்கு இடையே கடிதம் எப்படிப் போனது?"

பெயர் மட்டும் போதும் என்றால் ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்கு, வலையமைப்பு வழியாக, @ குறியிட்ட முகவரியோடு முதலில் கடிதம் அனுப்பியவர் ரே டாம்லின்சன், ஆண்டு 1971. ஆனால் அந்த ஒரு வரி பெரிய விஷயம் ஒன்றை மறைத்துவிடுகிறது. கடிதத்தை நகர்த்தும் வேலையைக் கையிலிருந்த இரண்டு நிரல்களை இணைத்தே டாம்லின்சன் முடித்துவிட்டார். "யாருக்கு" என்று எழுதுவதில்தான் சிக்கல் இருந்தது. எந்த வலையமைப்பில் இருப்பவரும் ஒரே முறையில் முகவரி எழுதலாம் என்ற நிலைக்கு வழி திறக்க அதன்பிறகு ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆயின. அந்த 15 ஆண்டுகள்தான் இந்தக் கதையின் சாரம் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொடக்கம் ஒரே கணினிக்குள். 1960களில் கணினி என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ தலைமையில் உருவான சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பு, அப்படிப்பட்ட ஓர் ஐபிஎம் கணினியைப் பலர் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு டெர்மினலில் உட்கார்ந்து பயன்படுத்த வழிசெய்தது. கோப்பைக் கணினியிலேயே விட்டுவிட்டுப் போய் மறுநாள் வந்து தொடரலாம். இந்த வசதி வந்ததுமே ஒருவருக்கொருவர் குறிப்பு விட்டுவைக்கும் பழக்கமும் வந்துவிட்டது. எல்லோரும் பார்க்கக்கூடிய பொது இடத்தில் "டூ டாம்" என்று பெயரிட்டு ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போவார்கள். டாம் வந்து பார்த்து எடுத்துக்கொள்வார்.

1965இல் டாம் வான் வ்ளெக், நோயல் மாரிஸ் என்ற இருவர் இதற்கென்றே "மெயில்" என்ற கட்டளையை எழுதினார்கள். அப்படி ஒரு கட்டளை வேண்டும் என்று பாட் கிரிஸ்மன், கிளெண்டா ஷ்ரோடர், லூயி பூசான் மூவரும் ஓர் அலுவலகக் குறிப்பில் ஏற்கெனவே முன்மொழிந்திருந்தார்கள். யாருக்குக் கடிதமோ அவருடைய திட்ட எண்ணையும் நிரலர் எண்ணையும் கொடுத்தால் போதும். அவருடைய "மெயில் பாக்ஸ்" என்ற கோப்பின் கடைசியில் கடிதம் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரே தெருவுக்குள் கடிதம் கொடுப்பதைப் போன்றது இது. ஊர்ப் பெயர் எழுத வேண்டிய தேவையே இல்லை.

1969 அக்டோபரில் ஆர்பாநெட் ஓடத் தொடங்கியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிதியில் பல்கலைக்கழகக் கணினிகளை இணைத்த வலையமைப்பு அது. இப்போது தெருக்கள் பலவாகிவிட்டன. கடிதத்துக்கு ஒரு முறை வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. 1971 ஜூலையில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தின் டிக் வாட்சன், ஆர்எஃப்சி எனப்படும் எண்ணிட்ட குறிப்புகளில் 196ஆம் குறிப்பாக ஒரு யோசனையை வெளியிட்டார். ஒவ்வொரு இடத்திலும் எண்ணிட்ட அஞ்சல் பெட்டிகள். வரும் கடிதம் அங்குள்ள அச்சியந்திரத்தில் காகிதமாக வெளியே வரும். தந்தி வந்து இறங்குவதைப் போலத்தான். அந்தக் குறிப்பைப் படித்தவர்களில் ஒருவர் டாம்லின்சன். காகிதமும் மையும் எண்ணிட்ட பெட்டியும் வீண் சுமை என்று அவருக்குப் பட்டது. கடிதம் பெறுபவரின் கணினிக் கோப்பிலேயே போய்ச் சேரட்டும். அதை அச்சடிப்பதா வேண்டாமா என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தார்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் உள்ள பிபிஎன் நிறுவனத்தில் அவர் வேலை பார்த்தார். ஆர்பாநெட்டின் இணைப்புக் கருவிகளைச் செய்து கொடுத்த நிறுவனம் அது. அங்கே ஓர் அறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிடிபி-10 கணினிகள் நின்றன. ஒன்றின் பெயர் பிபிஎன்-டெனெக்ஸ்ஏ, மற்றதன் பெயர் பிபிஎன்-டெனெக்ஸ்பி. இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அவற்றுக்கிடையே நேரடி இணைப்புக் கிடையாது. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தகவல் போக வேண்டுமென்றால் ஆர்பாநெட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தாக வேண்டும்.

ஒரே கணினிக்குள் கடிதம் போடும் எஸ்என்டிஎம்எஸ்ஜி என்ற நிரல் அவரிடம் இருந்தது. கணினிகளுக்கு இடையே கோப்பை நகலெடுக்கும் சிபிஒய்நெட் என்ற சோதனை நிரலும் இருந்தது. அஞ்சல் பெட்டி என்பது ஒரு கோப்புதான். அதில் ஒரே ஒரு சிறப்பு: பிறர் அதன் கடைசியில் எழுதிச் சேர்க்கலாம், முன்னால் இருப்பதைப் படிக்கவோ அழிக்கவோ முடியாது. சிபிஒய்நெட் அதுவரை கோப்பை முழுதாக எழுதவும் படிக்கவும் மட்டுமே அறிந்திருந்தது. "கடைசியில் சேர்" என்பதையும் அதற்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், தொலைவில் இருக்கும் கணினியின் அஞ்சல் பெட்டியிலும் கடிதம் போட்டுவிடலாமே என்று டாம்லின்சனுக்குத் தோன்றியது. செய்தும் பார்த்துவிட்டார். அந்த முதல் கடிதத்தில் என்ன எழுதினார் என்பது அவருக்கே நினைவில்லை. தட்டச்சுப் பலகையின் மேல் வரிசையை இடமிருந்து வலமாகத் தட்டியிருப்பேன் என்று பின்னாளில் சொன்னார். வேலை ஒழுங்காக நடக்கிறது என்று உறுதியான பிறகு, வலையமைப்பு வழியே கடிதம் அனுப்புவது எப்படி என்று உடன் வேலை செய்பவர்களுக்கு விளக்கி அனுப்பியதும் அதே வழியில்தான்.

அப்போதுதான் முகவரி பற்றிய கேள்வி எழுந்தது. ஆளின் பெயர் ஒன்று, கணினியின் பெயர் ஒன்று என இரண்டு எழுத வேண்டும். நடுவில் பிரித்துக் காட்ட ஒரு குறி வேண்டும். ஆள்பெயரில் எந்தக் காலத்திலும் வராத குறியாக அது இருக்க வேண்டும். டெலிடைப் பலகையில் இருந்த குறிகளைப் பார்த்தார். @ கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் அதை "அட்", அதாவது "இந்த இடத்தில்" என்று படிப்பார்கள். அதுவரை கடை ரசீதுகளில் "இன்ன விலை வீதம்" என்று எழுத மட்டுமே அது பயன்பட்டது. நம் ஊர் பில் புத்தகங்களிலும் அந்தக் குறியைப் பார்த்திருப்பீர்கள். டாம்லின்சன்@பிபிஎன்-டெனெக்ஸ்ஏ என்று எழுதினால், "இந்தக் கணினியில் இருக்கும் டாம்லின்சன்" என்று வாக்கியம் போலவே படிக்கலாம். இதைத் தேர்ந்தெடுக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

எல்லோருக்கும் அது ஒத்துவந்தது என்று நினைத்துவிட வேண்டாம். எம்ஐடியில் மல்டிக்ஸ் என்ற அமைப்பில் வேலை செய்தவர்களுக்கு @ குறியைத் தட்டினால், அதுவரை தட்டிய வரி முழுவதும் அழிந்துவிடும். பிழையாகத் தட்டிய வரியை ரத்து செய்வதற்கென்று அந்த அமைப்பு அதை ஒதுக்கிவைத்திருந்தது. அதனால் அவர்கள் @ என்ற குறிக்குப் பதிலாக "அட்" என்ற சொல்லையே எழுதினார்கள். 1973, 1977 ஆண்டுகளின் ஆவணங்களைப் பார்த்தால் முகவரிகள் "ஒயிட் அட் எஸ்ஆர்ஐ-ஏஆர்சி" என்ற பாணியில் இருக்கும். 1977இல் வந்த விதி, குறி, சொல் இரண்டையுமே ஏற்றுக்கொண்டது. சொல்லைக் கைவிட்டு @ குறி மட்டுமே செல்லும் என்று முடிவு செய்தது 1982 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 822. இன்று நாம் கேள்வியே இல்லாமல் தட்டும் ஒரு குறி நிலைபெற 11 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

டாம்லின்சனின் முறை, டெனெக்ஸ் என்ற இயக்க முறைமையில் ஓடிய கணினிகளுக்கு மட்டுமே பொருந்தியது. வேறு வேறு நிறுவனங்கள் செய்த கணினிகளுக்கும் அதைப் பொதுவாக்கியதில் முக்கியமான பங்கு ஓர் இந்தியருக்கு உண்டு. அவர் பெயர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து 1965இல் வெளியே வந்தவர். பிறகு எம்ஐடி சென்றார். கோப்புகளை அனுப்பும்போது கணினிகள் பேசிக்கொள்ள வேண்டிய முறையை வகுக்கும் எஃப்டிபி நெறிமுறையின் முதல் வரைவை 1971இல் எழுதியவர் அவர்தான். 1972 ஆகஸ்டில் அந்த நெறிமுறையில் கடிதத்துக்கென்றே இரண்டு கட்டளைகள் சேர்ந்தன. கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டே போய், முடிந்ததும் ஒரு வரியில் தனியாக ஒரே ஒரு புள்ளியை வைத்துவிட வேண்டும் என்ற ஏற்பாடும் அப்போது வந்தது. அந்தப் புள்ளி இன்றைய அஞ்சல் சர்வர்களிலும் வாழ்கிறது என்பதைக் கீழே காட்டுகிறேன். மின்னஞ்சல் வரலாற்றில் நம்மவர் யாராவது உண்டா என்று தேடுகிறவர்கள் பூஷணின் பெயரை அதிகம் சொல்வதில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

கடிதம் பொதுவான பிறகு பயன்பாடு வேகமாகப் பெருகியது. 1973இல் நடந்த ஓர் ஆய்வு, ஆர்பாநெட்டில் ஓடும் தகவலில் நான்கில் மூன்று பங்கு கடிதங்களே என்று கண்டது. தொலைவிலுள்ள கணினிகளின் கணக்கிடும் திறனைப் பகிர்ந்துகொள்ளக் கட்டிய வலையமைப்பு அது. அதே 1973இல் பூஷண், போக்ரன், டாம்லின்சன், ஒயிட் நால்வரும் கடிதத் தலைப்பில் அனுப்புநர், தேதி, பொருள் என்ற வரிகள் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். 1975இல் ஜான் விட்டல் எழுதிய எம்எஸ்ஜி என்ற நிரலில் "பதில் எழுது" என்ற கட்டளை வந்துவிட்டது. வந்த கடிதத்தின் அனுப்புநர் முகவரியை அதுவே எடுத்துக்கொள்ளும். முகவரியைக் கையால் திரும்பத் தட்ட வேண்டியதில்லை என்ற சிறு வசதிதான், கடிதத்தை உரையாடலாக மாற்றியது.

தமிழர் பற்றிய கேள்விக்கு இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். மும்பையில் பிறந்த தமிழரான சிவா அய்யாத்துரை, 1978இல் தம் 14ஆம் வயதில், அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்காக அலுவலகக் கடிதப் போக்குவரத்தைக் கணினியில் நடத்தும் நிரல் ஒன்றை எழுதினார். அதற்கு "ஈமெயில்" என்று பெயரும் வைத்தார். 1982இல் அதற்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) பதிவு பெற்றார். அந்த வயதில் அது பாராட்டத்தக்க சாதனை, அதில் ஐயமில்லை. ஆனால் அங்கே பதிவானது அந்த நிரலின் எழுத்து வடிவம். அந்தப் பதிவு ஒரு கருத்தைக் கண்டுபிடித்ததற்கான சான்றாகாது. அவர் எழுதத் தொடங்கும் முன்பே, கணினி விட்டுக் கணினிக்குக் கடிதம், @ முகவரி, பொருள் வரி, பதில் எழுதும் வசதி எல்லாம் புழக்கத்தில் இருந்தன என்பதை மேலே உள்ள ஆண்டுகளே சொல்கின்றன. கணினி வரலாற்றாசிரியர்கள் அவருடைய உரிமைகோரலை ஏற்காததற்குக் காரணம் இதுதான். நம்மவர் என்பதற்காக ஆண்டுகளை மாற்றி வைக்க முடியாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஆர்பாநெட்டில் எல்லோரும் சேர்ந்துவிட முடியாது. அமெரிக்க அரசின் ஆய்வோடு தொடர்புள்ள இடங்களுக்கு மட்டுமே இணைப்புக் கிடைத்தது. வெளியே நின்றவர்களுக்கு வழி திறந்தது யுயுசிபி என்ற நிரல். 1970களின் நடுவில் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதியது. 1979இல் யுனிக்ஸ் என்ற இயக்க முறைமையின் ஏழாம் பதிப்போடு வெளியே பரவியது. அதற்குத் தனிக் கம்பி வேண்டாம். ஒரு யுனிக்ஸ் கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு இருந்தால் போதும். இரவில் கட்டணம் குறையும் நேரத்தில் ஒரு கணினி அடுத்த கணினிக்குத் தானே தொலைபேசியில் அழைக்கும். சேர்ந்திருக்கும் கடிதங்களைக் கொடுக்கும், தனக்கு வந்ததை வாங்கிக்கொள்ளும், வைத்துவிடும். கடிதம் இப்படிக் கை மாறி மாறிப் போகும்.

அங்கே முகவரி எப்படி இருந்தது என்று பாருங்கள்:

டெக்வாக்ஸ்!ஐஎச்என்பி4!கல்லூரி!ராமு

இதில் டெக்வாக்ஸ், ஐஎச்என்பி4 இரண்டும் அந்நாளில் எல்லோருக்கும் தெரிந்த உண்மையான கணினிகள். முன்னது டிஜிட்டல் என்ற கணினி நிறுவனத்துடையது, பின்னது இல்லினாய் மாநிலத்தில் இருந்த ஏடி அண்ட் டி நிறுவனத்துடையது. கடைசி இரண்டு பெயர்கள் நான் விளக்கத்துக்காகச் சேர்த்தவை. கடிதம் என் கணினியை விட்டு முதலில் டெக்வாக்ஸுக்குப் போகும். டெக்வாக்ஸ் தன் பெயரை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஐஎச்என்பி4!கல்லூரி!ராமு என்பதை அடுத்த அழைப்பில் அனுப்பும். அதுவும் தன் பெயரை வெட்டும். "கல்லூரி" என்ற கணினிக்கு வரும்போது ராமு என்ற பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கும். கடிதம் பெட்டிக்குள் விழும். முகவரி கரும்பைப் போல் நுனியிலிருந்து கடிபட்டுக்கொண்டே போகும்.

இதை முகவரி என்பதைவிட வழி என்று சொல்வதே பொருத்தம். ஊருக்குப் புதிதாக வருபவரிடம் "பஸ் நிலையத்தில் இறங்கி நேரே போங்கள், பிள்ளையார் கோயிலைத் தாண்டினால் இடப்பக்கம் இரண்டாவது சந்து" என்று சொல்கிறோம் அல்லவா, அது போன்றது. அவர் பஸ் நிலையத்தில் இறங்காமல் ரயிலில் வந்து இறங்கினால் அந்த வழி உதவாது. யுயுசிபியிலும் அதுதான் தொல்லை. ராமுவின் முகவரி எனக்கு ஒன்று, உங்களுக்கு வேறொன்று. அதனால் ஆட்கள் தங்கள் முகவரியைக் கொடுக்கும்போது எல்லோருக்கும் வழி தெரிந்த பெரிய கணினியிலிருந்து தொடங்கி எழுதினார்கள்: "ஐஎச்என்பி4 வரை நீங்களே வந்துவிடுங்கள், அங்கிருந்து இப்படி." அந்தப் பெரிய கணினிகள் அடுத்தவர் கடிதங்களைத் தங்கள் தொலைபேசிச் செலவில் சுமந்தன என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். நடுவில் ஒரு கணினி நின்றுபோனால் கடிதம் அங்கேயே கிடக்கும். எந்தக் கணினி எதனோடு பேசும் என்ற வரைபடத்தை ஆர்வலர்கள் திரட்டி வெளியிட்டார்கள். ஸ்டீவ் பெல்லோவின், பீட்டர் ஹனிமேன் இருவரும் எழுதிய பாத்அலையாஸ் என்ற நிரல் அந்த வரைபடத்தைப் படித்துச் செலவு குறைந்த வழியைக் கணக்கிட்டுத் தரும். அதற்கு முன்பு மனிதர்கள் வழியை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

இரண்டு உலகங்களும் ஒன்றையொன்று தொட்டபோது குழப்பம் வெடித்தது. இந்த முகவரியைப் பாருங்கள்:

மலை!ராமு@கடல்

ஆர்பாநெட்காரர்கள் @ குறியை முதலில் பார்ப்பார்கள்: கடல் என்ற கணினிக்கு அனுப்பு, அது மலைக்கு அனுப்பட்டும், அங்கே ராமு இருப்பார். யுயுசிபிகாரர்கள் வியப்புக்குறியை முதலில் பார்ப்பார்கள்: மலைக்கு அனுப்பு, அது கடலில் இருக்கும் ராமுவுக்கு அனுப்பட்டும். இரண்டுமே அவரவர் விதிப்படி சரி. ஒரே வரியில் எழுதிய ஒரே முகவரி இரண்டு எதிர்த்திசைகளில் போகும். இதைச் சமாளிக்க ராமு%மலை@கடல் என்று சதவீதக் குறியை நடுவில் வைக்கும் பழக்கம் பரவியது. கடல் அதைப் பெற்றதும் @ குறிக்குப் பின்னால் உள்ளதை நீக்கிவிட்டு, சதவீதக் குறியை @ ஆக மாற்றி மேலே அனுப்பும்.

இந்தக் குழப்பத்தின் நடு மையம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். அங்கே ஆர்பாநெட் ஒரு பக்கம், யுயுசிபி ஒரு பக்கம், பெர்க்நெட் என்ற சொந்த வலையமைப்பு ஒரு பக்கம். பெர்க்நெட்டை எழுதியவர் அப்போது அங்கே மாணவராக இருந்த எரிக் ஷ்மிட். அதில் கணினிப் பெயரையும் ஆள்பெயரையும் பிரிக்க முக்காற்புள்ளி. ஆர்பாநெட் இணைப்பு இருந்த ஒரே கணினியில் கணக்கு வேண்டும் என்று எல்லோரும் பெர்க்லியில் இருந்த எரிக் ஆல்மன் என்ற நிரலரை நச்சரித்தார்கள். அவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது கடிதம் படிப்பது மட்டுமே என்பதைப் புரிந்துகொண்ட அவர், கடிதங்களை அவரவர் கணினிக்கே திருப்பிவிடும் நிரல் ஒன்றை எழுதினார். அதுதான் வளர்ந்து 1983இல் சென்ட்மெயில் ஆயிற்று. முகவரியின் ஒவ்வொரு குறியையும் பார்த்து, ஒரு பாணியிலிருந்து வேறொரு பாணிக்கு மாற்றி எழுதும் விதிகள்தான் அதன் உயிர். சர்வர் வேலை பழகிய நாட்களில் அந்த விதிக் கோப்பைத் திறந்து திகைத்துப்போயிருக்கிறேன். ஏன் இவ்வளவு சிக்கல் என்று சலித்துக்கொண்டும் இருக்கிறேன். மேலே சொன்ன கதை தெரிந்த பிறகுதான், அந்தச் சிக்கல் அன்றைய உலகத்தினுடையது, நிரல் அதை அப்படியே ஏந்திக்கொண்டிருந்தது என்பது விளங்கியது.

பிரிட்டன் தனி வழி போனது. அந்நாட்டுப் பல்கலைக்கழக வலையமைப்பில் பெரியதிலிருந்து சிறியதற்கு என்று எழுதுவார்கள்: முதலில் நாடு, பிறகு கல்வித்துறை, பிறகு பல்கலைக்கழகம், கடைசியில் துறை. கணினி அறிவியல் துறையின் சுருக்கம் "சிஎஸ்". மற்ற நாடுகளில் வரிசை நேர்மாறானது. அங்கே கடைசியில் நிற்பது நாட்டின் குறியீடு. செக்கோஸ்லோவாகியாவுக்கு "சிஎஸ்" என்ற குறியீடு வந்தபோது, பிரிட்டன் பாணியில் எழுதிய முகவரியின் கடைசிப் பகுதி வெளிநாட்டுக் கணினிகளுக்கு அந்த நாட்டின் பெயராகத் தெரிந்தது.

தீர்வு பிறந்த ஆண்டு 1982. அதுவரை ஆர்பாநெட்டில் கணினிப் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அந்தப் பட்டியலைப் பராமரித்தது. புதுக் கணினி வந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும்; மற்ற எல்லாரும் அந்தக் கோப்பை அவ்வப்போது இறக்கிக்கொள்ள வேண்டும். 1981 ஆகஸ்டில் 213 கணினிகள் இருந்தன. இரண்டே ஆண்டுகளில் அது 562 ஆயிற்று. இரண்டு பேர் தங்கள் கணினிக்கு ஒரே பெயர் வைக்க முடியாது. 1982 ஜனவரி 11 அன்று கூடிய ஒரு கூட்டத்தில், @ குறிக்கு வலப்பக்கம் ஒற்றைப் பெயராக இருப்பதைப் புள்ளிகளால் பிரித்த அடுக்காக மாற்றலாம் என்று முடிவாயிற்று. சிறியதிலிருந்து பெரியதற்கு: கணினி, நிறுவனம், அதற்கு மேலான களம் (டொமைன்). நாம் கடித உறையில் பெயர், தெரு, ஊர், மாவட்டம் என்று எழுதும் அதே வரிசை. அந்தக் கூட்டத்தின் குறிப்புகளைப் படித்தால், அவற்றை எழுதிய ஜான் போஸ்டலின் முகவரியே எடுத்துக்காட்டாக நிற்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்ற அஞ்சல் நெறிமுறை, கடிதத்தைக் கோப்பு அனுப்பும் நெறிமுறையிலிருந்து பிரித்துத் தனியாக நிறுத்தியது. இதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. அந்த ஆவணத்தின் எடுத்துக்காட்டில், ஆல்ஃபா என்ற கணினியில் இருக்கும் ஸ்மித், பீட்டா என்ற கணினியில் இருக்கும் ஜோன்ஸ், கிரீன், பிரவுன் மூவருக்கும் எழுதுகிறார். ஆல்ஃபா முதலில் "ஹெலோ" என்று நான்கே ஆங்கில எழுத்துகளில் வணக்கம் சொல்லும். பிறகு "மெயில் ஃப்ரம்" என்று ஸ்மித்தின் முகவரியைத் தரும். பீட்டா 250 என்று பதில் சொல்லும். சரி என்று பொருள். அடுத்து ஆல்ஃபா ஒவ்வொரு பெறுநராகக் கேட்கும். ஜோன்ஸ்? 250. கிரீன்? 550, அப்படி இங்கே யாருமில்லை. பிரவுன்? 250. பிறகு "டேட்டா", பீட்டா 354 என்று சொல்லி, கடிதத்தை அனுப்பு, தனிப் புள்ளியோடு முடி என்கிறது. கடிதம் ஒரே ஒரு முறைதான் போகிறது. பீட்டா அதை இருவருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. எஃப்டிபி காலத்தில் ஆளுக்கொரு நகல் அனுப்ப வேண்டியிருந்தது. 1972இன் தனிப் புள்ளி இங்கேயும் நிற்கிறது. கடிதத்திலேயே புள்ளியில் தொடங்கும் வரி இருந்தால் என்ன செய்வது? அனுப்பும் கணினி அதன்முன் இன்னொரு புள்ளியைச் சேர்க்கும். பெறும் கணினி அதை நீக்கிவிடும். ஒரு சர்வரின் 25ஆம் போர்ட்டில் நுழைந்து இந்த உரையாடலைக் கையாலேயே தட்டி, கடைசியில் அந்தப் புள்ளியை வைத்து 250 வருவதைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது உறையும் கடிதமும் வேறு வேறு என்பது. "மெயில் ஃப்ரம்" முதலானவை உறையின் மேல் எழுதுபவை. நீங்கள் திரையில் பார்க்கும் அனுப்புநர், பெறுநர் வரிகள் உள்ளே இருக்கும் கடிதத்தில் எழுதியவை. இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்று விதியில்லை. பிசிசி என்று மறைமுகமாக நகல் அனுப்ப முடிவது இதனால்தான்: உறையில் பெயர் இருக்கும், கடிதத்தில் இருக்காது. அடுத்தவர் பெயரில் போலிக் கடிதம் அனுப்ப முடிந்ததும் இதனால்தான். எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்திருந்த சிறு கூட்டத்துக்காக எழுதிய நெறிமுறை அது. உறையை யாரும் சோதிக்கவில்லை.

1983 நவம்பரில் பால் மோக்கபெட்ரிஸ், டிஎன்எஸ் எனப்படும் களப்பெயர் அமைப்பின் வரையறையை வெளியிட்டார். ஒற்றைப் பட்டியல் போய், அவரவர் களத்தின் பெயர்களை அவரவரே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. கடைசிக் கல்லை 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் வைத்தார்: எம்எக்ஸ் பதிவு. ஒரு களத்துக்கு வரும் கடிதத்தை எந்தக் கணினி வாங்கிக்கொள்ளும், அது கிடைக்காவிட்டால் அடுத்து எது என்று எண் வரிசையோடு சொல்லும் சிறு பதிவு. தொலைபேசி வழியே மட்டும் தொடர்புள்ள ஒரு சிறு கல்லூரிகூட இப்போது ஒரு களப்பெயர் வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் இருக்கும் ஒரு பெரிய கணினி அதற்காகக் கடிதத்தை வாங்கிவைத்து, இரவில் யுயுசிபி வழியே கொடுத்துவிடும். அனுப்புபவர் அதை அறிய வேண்டிய அவசியமே இல்லை. வியப்புக்குறிகளின் காலம் அங்கே முடியத் தொடங்கியது. வழியை எழுதும் பொறுப்பு மனிதரிடமிருந்து கணினிக்குப் போயிற்று.

இந்தியாவுக்கு மின்னஞ்சல் வந்தது இந்தத் திருப்பத்தின்போதுதான். 1986இல் தொடங்கிய, கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் திட்டத்தில் பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றோடு ஐந்து ஐஐடிகளும் இருந்தன. சென்னை ஐஐடி அவற்றில் ஒன்று. வெளிநாட்டுக் கடிதம் பம்பாய் வழியாகப் போய்வந்தது. ஆனால் சென்னை ஐஐடியில் இருந்தவர் தம் முகவரியின் வலப்பக்கத்தில் பம்பாயை எழுதவில்லை. ஐஐடிஎம்.எர்நெட்.இன் என்று மட்டும் எழுதினார்.

வழி காணாமல் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. உங்கள் பெட்டியில் உள்ள ஏதாவது ஒரு மின்னஞ்சலைத் திறந்து, அதன் முழுத் தலைப்பையும் காட்டும் வசதியைத் தேடி அழுத்துங்கள். "ரிசீவ்ட்" என்று தொடங்கும் வரிகள் அடுக்காக நிற்கும். கடிதம் கடந்து வந்த ஒவ்வொரு கணினியும், யாரிடமிருந்து வாங்கினேன், எந்த நேரத்தில் வாங்கினேன் என்று தன் வரியை மேலே மேலே சேர்த்துக்கொண்டே வந்திருக்கும். அதனால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். முதலில் அனுப்பியவரின் கணினி, அடுத்து அதை வாங்கிய சர்வர், கடைசியில் உங்கள் சர்வர்.